கிராணியாரின் தராசும் தூங்குமூஞ்சி மரத்துச் சாமியும்

தோட்டம் வைரவநாதனுக்கு ஓய்வு கொடுத்தது. அவர் தம்முடைய தராசுக்கு ஓய்வு கொடுக்கவில்லை. எல்லா வினையும் அங்கேதான் தொடங்கியது.

மலேசியாவில், கோலா சிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் நடுவே ஒரு ரப்பர்த் தோட்டத்தின் ஓரத்தை வெட்டி, வரிசை வரிசையாக வீடு கட்டி விற்றிருந்தார்கள். தாமான் என்று சொல்லப்படும் அந்தக் குடியிருப்பில் முக்கால்வாசிப் பேர் தோட்டத்து லயத்தை விட்டு வந்தவர்கள். பால் வெட்டிச் சேர்த்த காசும் பிள்ளைகள் ரவாங் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த சம்பளமும் வீடாக மாறியிருந்தன. அதே தோட்டத்தில் முப்பது வருஷம் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்குப்பிள்ளையாக, இருந்த யாழ்ப்பாணத்து வைரவநாதன், மனைவி பூரணத்தோடு மூலை வீட்டில் குடியேறினார். பக்கத்தில் விளையாட்டு மைதானத்துக்கென்று ஒதுக்கிய காலி நிலம். ஊஞ்சல் வரும், சறுக்குமரம் வரும் என்று வீடு விற்றவன் சத்தியம் செய்தான். ஏற்கெனவே நின்ற ஒரு தூங்குமூஞ்சி மரத்தைத் தவிர அங்கே எதுவும் நிற்கவில்லை.

வீடு விற்றவன் சாலைகளை முடித்து ஒப்படைக்காமல் காணாமல் போனதால், அரசாங்கக் குப்பை லோரி தாமானுக்குள் வராது. குடியிருப்பாளர் சங்கம் ஆ செங் என்கிற சீனரின் பழைய லோரியைப் பேசி வைத்தது. வீட்டுக்கு மாசம் ஐந்து ரிங்கிட், ஊர்ப் பேச்சில் ஐந்து வெள்ளி. சனிக்கிழமை காலையில் லோரி வரும், குப்பை போகும். யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அப்படி ஒன்று குறையில்லாமல் நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சிலரால் முடியாது.

சங்கத்தின் செயலாளர் வைரவநாதன். அவர் வீட்டில் இரண்டே பேர். பூரணமோ வாழைக்காய்த் தோலைக்கூடச் சம்பலாக்கிவிடுகிறவள். எதிர்வீட்டு உமாபதி தோட்டத்தில் லோரி ஓட்டியவன். அவன் வீட்டில் பெண்டாட்டி, தாயார், ஆறு பிள்ளைகள், இரண்டு நாய்கள். சனிக்கிழமை அவன் வாசலில் குப்பை சாக்குச் சாக்காக ஏறும். அவனுக்கும் ஐந்து வெள்ளி, தமக்கும் ஐந்து வெள்ளி என்பது வைரவநாதனுக்குச் சோற்றில் கல்லாக இடறியது.

சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றார். "தோட்டத்தில எல்லாருக்கும் ஒரே சம்பளமோ குடுத்தனாங்கள்? பாலை நிறுத்துத்தானே காசு குடுத்தனாங்கள்? குப்பையும் அப்பிடித்தான் இருக்கவேணும். கூடப் போடுறவன் கூடக் கட்டட்டும். அதுதான் நீதி."

"குப்பைய நிறுக்கிறாங்கன்னு வெளியே தெரிஞ்சா சிரிப்பாங்க ஐயா," என்றான் உமாபதி.

"சிரிக்கிறவன் சிரிக்கட்டும். நீதி நீதிதான்."

வேறு யாரும் வாய் திறக்கவில்லை. கிராணியார் தராசைப் பற்றிப் பேசினால் பால் வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அவர்களுக்கு முப்பது வருஷத்துப் பழக்கம். வீடு மாறினால் பழக்கம் மாறிவிடுமா என்ன?

தோட்டத்து ஸ்டோருக்குப் புதுத் தராசு வந்தபோது பழையதைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார் வைரவநாதன். இரும்புக் கொக்கித் தராசு. அதற்குத் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்து, சனிக்கிழமைதோறும் லோரியின் பின்கம்பியில் மாட்டினார். ஒவ்வொரு வீட்டுக் குப்பையும் கொக்கியில் தொங்கியது. அவர் எடையை உரக்கச் சொல்வார். தங்கள் வீட்டு மீன் தலையும் பழைய சோறும் தெருவுக்கே அறிவிக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டு பெண்கள் தலை குனிந்து நிற்பார்கள். ஆ செங் மட்டும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரிப்பார்.

தராசை ஏமாற்றுகிற தில்லுமுல்லு ஒவ்வொன்றும் வைரவநாதனுக்கு அத்துப்படி. பாலில் தண்ணீர் கலப்பார்கள். மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலுக்குள் மண்ணை வைத்து உருட்டுவார்கள். எடையைக் கூட்டுவதற்குச் சனம் என்னவெல்லாம் செய்யும் என்று எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எடையைக் குறைப்பதற்கு என்ன செய்யும் என்று மட்டும் அவர் யோசித்ததே இல்லை. தோட்டத்தில் அந்தத் தேவை யாருக்கு வந்தது?

ஆகவே வாரத்துக்கு வாரம் எடை இறங்க இறங்க அவர் உச்சி குளிர்ந்தார். உமாபதியின் சாக்குகள் பைகளாகின. பைகள் ஒரே பையாகின. அடுத்த தெரு அன்னம்மா, கணவனை இழந்து தனியாக இட்டிலி விற்கிறவள், ஒரு வாரம் வெறும் முட்டை ஓட்டை மட்டும் கொண்டுவந்து கொக்கியில் மாட்டினாள். முள் அசையவே இல்லை.

"பாத்தீரோ பூரணம்? சனம் சிக்கனம் பழகிட்டுது. ஒரு தராசு என்ன செய்யுதெண்டு பாரும்!"

பூரணம் மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே காட்டினாள். "குப்பை குறையேல்லை. இடம் மாறியிருக்கு."

தூங்குமூஞ்சி மரத்தடியில், அவர்கள் வீட்டுச் சுவரை ஒட்டி, தாமானின் குப்பை முழுவதும் குவிந்து கிடந்தது. மீன் குடல், அழுகிய முட்டைக்கோஸ், பிள்ளைத்துணி, உடைந்த நாற்காலி. உமாபதியின் இரண்டு நாய்களும் தங்கள் வீட்டுக் குப்பையை அடையாளம் கண்டுபிடித்து அதன்மேல் படுத்திருந்தன. ஈக்கள் தேநீருக்குள் விழுந்தன. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் சாப்பாடு உள்ளே இறங்காது.

அன்றைக்கே தராசை இறக்கிவிட்டு, பழையபடி ஐந்து வெள்ளி என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். எப்படிச் சொல்வார்? முப்பது வருஷம் மற்றவர்கள் பொய் சொல்வதைத் தராசு காட்டிக்கொடுத்தது. அதே தராசு தம்மை முட்டாளாக்கிவிட்டது என்று ஊரைக் கூட்டிச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அதற்குப் பதிலாக, மூன்று மொழிகளில் 'இங்கே குப்பை போடாதே' என்று ஒரு பலகை எழுதி நட்டார். மறுநாள் பலகையின் இரண்டு காதுகளிலும் இரண்டு பிளாஸ்டிக் பைகள் மாட்டித் தொங்கின. பலகை கைக்கு எட்டும் உயரத்தில் இருந்ததால் சனத்துக்கு வசதியாகப் போயிற்று.

"ஒண்டில் உந்தக் குப்பை போகவேணும், இல்லாட்டி நான் போகவேணும்," என்றாள் பூரணம்.

வைரவநாதன் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி எத்தனையோ சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை அவள் அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கினாள். மத்தியான பஸ்ஸில் ரவாங்கில் இருக்கும் மகள் சரோஜினி வீட்டுக்குப் போய்விட்டாள்.

முதல் இரண்டு நாள் வைரவநாதன் வீறாப்பாக இருந்தார். பிறகு சோறு அடிப்பிடித்தது. சட்டைப் பொத்தான் அறுந்தது. அவர் வானொலிச் செய்திக்குப் பதில் சொன்னால் 'ஓம், ஓம்' என்று ஆமாம் போட ஆளில்லை. அந்த வயதில் அந்த வீட்டில் தனியாக இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், பயமாக இருந்தது. பூரணம் திரும்பி வர வேண்டும். அதற்குக் குப்பை போக வேண்டும். அதற்குத் தராசை விட்டுக்கொடுக்காத ஒரு வழி வேண்டும்.

வழி கிணற்றடியில், இல்லை, இப்போது குழாயடியில் கிடந்தது. பூரணத்தின் துணி துவைக்கும் கல். தோட்டத்துக் குவாட்டர்ஸிலிருந்து வீடு மாறியபோது அந்தக் கல்லில்லாமல் வரமாட்டேன் என்று அடம்பிடித்து லோரியில் ஏற்றி வந்தாள். சரோஜினி துணி துவைக்கும் மெஷின் வாங்கிக் கொடுத்த பிறகு கல் பாசி பிடித்துக் கிடந்தது.

ரப்பர்க் காட்டில் சிவப்புத் துணி சுற்றிய ஒரு கல்லைக் கண்டால், எந்தப் பால்வெட்டுக்காரனும் அதன் பக்கம் எச்சில்கூடத் துப்பமாட்டான் என்பதை வைரவநாதன் பார்த்திருக்கிறார். சுருட்டும் சாராயமும் கேட்கிற சாமிகளைச் சைவ சமயத்தவராகிய அவர் எப்போதும் ஒரு படி கீழேதான் வைத்திருந்தார். ஆனால் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்று எந்தத் திருமுறையிலும் இல்லையே! விடியுமுன் எழுந்து கல்லை உருட்டிக்கொண்டுபோய் மரத்தடியில் நிறுத்தினார். மஞ்சள் பூசினார். குங்குமம் வைத்தார். சிவப்புத் துணி சுற்றி மூன்று எலுமிச்சம்பழங்களை முன்னால் வைத்தார். முதுகு பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் வந்து ஒன்றும் தெரியாதவராகத் தேநீர் போட்டுக் குடித்தார்.

முதலில் வந்தவள் அன்னம்மா. கையில் பையோடு வந்தவள், "ஐயோ, முனியையா!" என்று அலறிக்கொண்டு அப்படியே மண்டியிட்டாள். பையையும் திருப்பி எடுத்துக்கொண்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் தாமானே கூடிவிட்டது. கல்லின் நடுவில், முப்பது வருஷம் துணி அடித்துத் தேய்ந்த குழியைப் பார்த்து, சாமி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அன்னம்மா சொன்னாள். மற்றவர்களுக்கும் அது அப்படியே தெரிந்தது.

"நேத்து இல்ல, இன்னைக்கு இருக்காரு. தானா வந்தவருலா," என்றான் உமாபதி. கன்னத்தில் போட்டுக்கொண்டான். தன் வீட்டுச் சாக்குகள் சாமியின் முதுகுக்குப் பின்னாலேயே கிடந்ததை அவன் பார்த்துவிட்டான்.

அன்றைக்கே ஆணும் பெண்ணும் வெட்டுக்கத்தியும் கூடையுமாக இறங்கினார்கள். ஆ செங்கின் லோரி நிறைய நிறையக் குப்பை போயிற்று. யாரும் நிறுக்கச் சொல்லவில்லை. வைரவநாதனும் தராசோடு வெளியே வரவில்லை. சாயங்காலம் நிலம் பெருக்கிக் கோலம் போட்டுக் கிடந்தது. முதல் கற்பூரத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் என்ற முறையில் அவர்தான் கொளுத்த வேண்டும் என்றார்கள். கொளுத்தினார். சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்தது. ஐயாவுக்கு எவ்வளவு பக்தி என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

கடைக்குப் போய் ரவாங்குக்கு டெலிபோன் போட்டார். "குப்பை போயிட்டுது. ஒரு துரும்புகூட இல்லை. வாரும்."

"எப்பிடிப் போனது?" என்றாள் பூரணம்.

"அது... சனம் திருந்திட்டுது."

"சனம் திருந்தாது. கொஞ்ச நாள் பாப்பம்," என்று வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது சரியாகத்தான் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை அன்னம்மா கண்ணாடி உடைந்த பழைய லட்சுமி படம் ஒன்றைக் கொண்டுவந்து மரத்தடியில் சாய்த்து வைத்தாள். சாமி படத்தை மீன் குடலோடு லோரியில் எறிய முடியுமா? நியாயம்தான் என்று வைரவநாதனும் நினைத்தார். அடுத்து, பழைய சாமி காலண்டர்கள் வந்தன. பிறகு சாமி படங்கள் அச்சான கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள். அதன் பிறகு உமாபதி, கதவு கழன்ற அலமாரி ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இது என்னப்பா? அலமாரி என்ன சாமியோ?"

"உள்ள பாருங்க ஐயா. முருகன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. இத எப்படிங்க லோரியில போடுறது? பாவம் இல்லையா?"

பாவம் என்பது மறுமைக்கு. இம்மையில், சாமிக்கு வைக்கிற பொருளுக்கு எடையில்லை, காசில்லை. இதைத் தாமான் மிக விரைவாகப் புரிந்துகொண்டது. பஜார் கடையில் முருகன் ஸ்டிக்கர் தீர்ந்துபோய்ப் பிள்ளையார் ஸ்டிக்கர் வரவழைத்தார்கள். சாமி ஒட்டிய மெத்தை வந்தது. சாமி ஒட்டிய மண்ணெண்ணெய் அடுப்பு, சாமி ஒட்டிய டயர், படம் தெரியாமல் போன டெலிவிஷன் எல்லாம் வந்தன. ஒவ்வொன்றையும் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள். மறுபடியும் மலை எழுந்தது. முன்பாவது ஆள் வைத்து அள்ளலாம் என்றிருந்தது; இப்போது எது தெய்வம், எது குப்பை என்று பிரித்துச் சொல்ல யாருக்குத் துணிச்சல் இருந்தது? தேங்காய் மூடியும் வாடிய மாலையும் படையல் இலையும் அடியில் கிடந்து அழுகின. சனிக்கிழமை லோரியின் பின்கம்பியில் மாட்டிய தராசு காற்றில் ஆடியது.

அது என் வீட்டுத் துவைகல்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், கோலமிட்டுக் கற்பூரம் கொளுத்தியவர்கள் எல்லோரும் தம்மை என்ன செய்வார்கள் என்று நினைத்தபோது வைரவநாதனுக்கு வியர்த்தது. கதவைச் சாத்திக்கொண்டு டின் மீனும் ரொட்டியும் சாப்பிட்டார். பூரணம் இனி வரமாட்டாள் என்றே முடிவு செய்துவிட்டார்.

ஆனால் அவள் வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்சி வந்து வாசலில் நின்றது. பின்பெட்டியைத் திறந்து, இறக்கை உடைந்த மேசைக் காற்றாடி ஒன்றை இறக்கினாள். அதன் நெற்றியில் பிள்ளையார் ஒட்டியிருந்தார்.

"சரோஜினியின்ட பழைய காத்தாடி. இஞ்ச சாமிக்கு வச்சால் காசில்லையாமெண்டு ரவாங்கில கதைக்கினம்."

ரவாங் வரைக்கும் போய்விட்டதா! வைரவநாதன் அவள் பின்னால் மரத்தடிக்குப் போனார். பூரணம் காற்றாடியைக் கீழே வைத்தாள், கும்பிடக் கையெடுத்தாள், பாதியில் நிறுத்தினாள். குனிந்து கல்லை உற்றுப் பார்த்தாள். சனம் சாத்தியிருந்த பட்டுத்துணியைக் கொஞ்சம் விலக்கி, தேய்ந்த குழியில் விரலை வைத்தாள். அந்தக் குழி அவள் கை போட்ட குழி.

"இது என்ர கல்லல்லோ?"

"மெல்லக் கதையும்," என்றார் வைரவநாதன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரித்தாள். மரத்தைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு வலிக்கச் சிரித்தாள். "உங்கட அழுக்குச் சாரத்தைப் போட்டு அடிச்ச கல்லுக்குப் பட்டுச் சாத்தியிருக்கினம்! என்ர கடவுளே!"

அவள் சிரிப்பதைக் கேட்டதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. "நீர் திரும்பிப் போகாதையும் பூரணம். என்னால தனிய ஏலாது."

சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். வீட்டுக்குள் போனாள். கொக்கித் தராசை எடுத்து வந்தாள். கைப்பைக்குள் மீதமிருந்த பிள்ளையார் ஒன்றை எடுத்து, எச்சில் தொடாமல், பக்தியோடு, முள்ளுக்கு மேலே ஒட்டினாள்.

"நான் நிக்கிறன். ஆனால் இது வீட்டில நிக்கக்கூடாது. கொண்டுபோய் வையுங்கோ. குப்பையை இஞ்ச கொண்டுவந்தது சனமில்லை, இதுதான்."

அவர் நெடுநேரம் தராசைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, சாயங்காலப் பூஜைக்குச் சனம் கூடியதும் எடுத்துக்கொண்டு போனார். கல்லின் காலடியில் வைத்தார்.

"இனி நிறுவை இல்லை. பழையபடி வீட்டுக்கு அஞ்சு வெள்ளி. இன்னொண்டும் சொல்லவேணும். இந்தக் கல்லை நான்தான் வச்சனான். இது எங்கட வீட்டுத் துவைகல். என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

வைரவநாதன் தம்மேல் விழப்போகும் முதல் கல்லை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். உமாபதி முன்னால் வந்து அவர் கையைப் பிடித்தான்.

"தொவைக்கிற கல்லுன்னா என்னாங்க ஐயா? முப்பது வருசம் உங்க வூட்டு அழுக்க எடுத்தாரு. இப்ப ஊரு அழுக்க எடுக்க வந்துட்டாரு. ஒங்க கையால வரணும்னு அவருக்கு இஷ்டம்லா!"

பெண்கள் குலவையிட்டார்கள். அன்னம்மா அவர் நெற்றியில் திருநீறு பூசினாள். தராசுக்கு ஒரு மாலை விழுந்தது. வைரவநாதன் வாழ்க்கையில் முதல் தடவையாக முழு உண்மையைச் சொல்லி, முதல் தடவையாக ஒருவரும் நம்பாமல் வீடு திரும்பினார். ஆனாலும் நெஞ்சு லேசாக இருந்தது. அன்று இரவு பூரணம் வைத்த மீன்குழம்பை மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமை வீட்டுக் குப்பையெல்லாம் ஒழுங்காக லோரியில் ஏறியது. ஐந்து வெள்ளிக்கு மெத்தை, அடுப்பு மாதிரிப் பெரிய சாமான்களை ஏற்றமாட்டேன் என்று மட்டும் ஆ செங் சொல்லிவிட்டார். மரத்தடிப் பொருட்களை என்ன செய்வது என்று பேச, புதிதாகக் கோயில் கமிட்டி கூடியது. தலைவர் உமாபதி. சாமி பொருளை மரியாதையாகத் தனி லோரியில் கொண்டுபோக வேண்டும் என்றும், அதற்கு ஆ செங் இரட்டைக் கூலி கேட்கிறார் என்றும் அவன் சொன்னான்.

"அதனால, இங்க சாமான் வச்சவங்களும் இனிமே வைக்கிறவங்களும் காணிக்கை கட்டணும். எல்லாருக்கும் ஒரே காணிக்கைன்னா நியாயம் இல்ல. காலண்டர் வைக்கிறவனும் மெத்தை வைக்கிறவனும் ஒண்ணா? தோட்டத்துல பால நிறுத்துத்தானே காசு குடுத்தாங்க? சாமியே நமக்கு ஒரு தராசு குடுத்திருக்காரு."

தூங்குமூஞ்சி மரத்தின் தாழ்ந்த கிளையில், சந்தனப் பொட்டோடு, வைரவநாதனின் தராசு தொங்கியது. அவர் பதறிப்போய் வாயைத் திறந்தார். இதைச் செய்யாதே, இது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லத் துடித்தார். ஆனால் உமாபதி அதற்குள் சரோஜினியின் காற்றாடியைக் கொக்கியில் மாட்டி, எடையை உரக்கச் சொல்லிவிட்டான். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். தராசுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. காணிக்கையைக் கட்டிவிட்டு வந்தார்.

சில நாள் கழித்து, விடிந்ததும் பூரணம் சமையலறைப் பின்ஜன்னலைத் திறந்தாள். திறந்த கையால் உடனே மூக்கைப் பொத்தினாள்.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா வாங்கோ."

வீட்டுக்குப் பின்னால், தோட்டத்து எல்லைச் சாக்கடைக் கானுக்குள் ஒரு மெத்தை கிடந்தது. அதன்மேல் ஓர் அடுப்பு, இரண்டு டயர், ஒரு மூட்டை அழுகிய படையல். மெத்தையில் ஒரு சதுரம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. யாரோ முருகன் ஸ்டிக்கரைப் பக்குவமாக, கிழியாமல் உரித்து எடுத்திருந்தார்கள்.

பூரணம் உள்ளே போய் அலமாரி மேலிருந்து தன் பெட்டியை இறக்கினாள். வைரவநாதனும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, தம்முடைய பெட்டியையும் இறக்கினார்.